அடர்ந்த மூடுபனி, எட்டு மணி வரை

ஜனவரி 19

நாளைக்கான வானிலை அறிக்கை: காலையில் லேசான மூடுபனி. பிற்பகலில் தரைக்காற்று சற்று வேகமாக வீசும். மழைக்கு வாய்ப்பில்லை.

இதை எழுதிக் கொடுத்துவிட்டு மாலை ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தேன். பூட்டின வீட்டுக்குள் யார் இருக்கப்போகிறார்கள்? இருந்தாலும் சாவியைப் போடுவதற்கு முன்னால் ஒரு நொடி காதைக் கொடுத்துக் கேட்கிறேன். தினமும்தான்.

அவர் தண்ணீர் லாரி ஓட்டுகிறார். மழை பொய்த்ததிலிருந்து இருட்டோடு போய், நான் தூங்கின பிறகு வருகிறார். மழை பெய்தால்தான் என் வீட்டுக்காரர் வீட்டில் இருப்பார். மழை இல்லை என்று தினமும் எழுதுகிறவள் நான். நல்ல பொருத்தம் பார்த்துத்தான் கட்டி வைத்திருக்கிறார்கள்.

ஜனவரி 22

காற்று. ஜன்னலை மூடியும் மெத்தையெல்லாம் மண். என் பக்கத்தை உதறினேன். அவர் பக்கத்தில் அவர் படுத்த அச்சு அப்படியே இருந்தது. அதை உதறவில்லை. பைத்தியமா நான்?

ஜனவரி 25

இன்று வீட்டில் நான் பேசிய ஒரே வார்த்தை "போ." ஒரு பூனையிடம். அதுவும் போய்விட்டது.

ஜனவரி 28

போன வாரம் பனியில் ஒரு தண்ணீர் லாரி கவிழ்ந்து டிரைவருக்குக் கால் முறிந்துவிட்டது. இவருடைய லாரி இல்லை. செய்தி கேட்டதும் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது, அது வேறு.

அதனால் புது உத்தரவு. எங்கள் அறிக்கையில் 'அடர்ந்த மூடுபனி' என்று இருந்தால் எட்டு மணி வரை எந்தத் தண்ணீர் லாரியையும் எடுக்கக்கூடாது. 'லேசான' என்றால் எடுக்கலாம். மேலதிகாரி என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: "இனிமே அந்த ஒரு வார்த்தைய யோசிச்சு எழுதுங்கம்மா. ஊர்ல அத்தனை பேரோட குடமும் அதுல இருக்கு."

யோசித்துத்தான் எழுதுவேன். வேறு என்ன வேலை எனக்கு.

பிப்ரவரி 3

எழுதிவிட்டேன்.

காற்று வீசுகிற ராத்திரியில் பனி அடர்ந்து நிற்காது. இந்த வேலைக்கு வந்த முதல் வாரமே சொல்லிக்கொடுத்த பாடம். இன்று ராத்திரி காற்று வீசும் என்று இரண்டாவது வரியில் நானே எழுதியிருக்கிறேன். முதல் வரியில் 'அடர்ந்த மூடுபனி'. விஷயம் தெரிந்தவர் யாராவது இரண்டையும் சேர்த்துப் படித்தால் என் குட்டு வெளிப்பட்டுவிடும். யாரும் படிக்கவில்லை. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார்கள்.

கணிப்புதானே? கணிப்பு தப்பும்.

பிப்ரவரி 4

கண் விழித்தபோது சமையலறையில் பாத்திரச் சத்தம். அவர் டீ போட்டுக்கொண்டிருந்தார்.

"சர்க்கரை டப்பாவ எங்க மாத்தி வச்சே?"

"மாத்தி மூணு மாசம் ஆச்சுங்க."

இரண்டு பேருக்கும் சிரிப்பு. டம்ளரை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தார். பெரிதாக ஒன்றும் பேசவில்லை. அவருடைய முழங்கால் வலி, என் தம்பி மகனுக்குப் பல் முளைத்தது, இந்தத் தடவை வாங்கின டீத்தூள் சரியில்லை. எட்டு அடித்ததும் கிளம்பிவிட்டார்.

நாள் முழுக்க ஏதோ பாட்டு வாயில் ஓடிக்கொண்டே இருந்தது. இந்த வயதில் இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

பிப்ரவரி 5

'லேசான' என்றே எழுதினேன். நல்ல பிள்ளை.

பிப்ரவரி 12

ஒரு வாரமாக அவர் முகத்தைத் தூக்கத்தில்தான் பார்த்தேன். அதுவும் கழுத்துவரை போர்வை. இன்று மறுபடியும் 'அடர்ந்த'. இதுதான் கடைசி. சத்தியமாக இதுதான் கடைசி.

பிப்ரவரி 13

காலையில் இருந்தார். ஜன்னலோரம் டீ. தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது.

ராத்திரி தூங்காமல் காத்திருந்தேன். நெற்றியில் துணியைக் கட்டிக்கொண்டு வந்தார்.

"என்னங்க இது!"

"ஒண்ணுமில்ல. குடம் பட்டுடுச்சு."

"குடம் எப்படிங்க நெத்தியில படும்?"

"வீசினா படும்."

மேட்டுத் தெருவுக்குத்தான் லாரி கடைசியாகப் போகும். போய்ச் சேரும்போது வெயில் உச்சிக்கு ஏறிவிட்டதாம். வேலைக்குப் போகவேண்டியவர்கள் வரிசையை விட்டு நகரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் நின்றிருக்கிறார்கள். கைக்குழந்தையோடு நின்ற ஒருத்தி மயங்கி விழுந்திருக்கிறாள். அவளுடைய அண்ணன்தான் வீசியது. "அவங்க கோவத்துல தப்பே இல்ல" என்று வேறு சொல்கிறார்.

மருந்து போடும்போது பஞ்சைக் கீழே போட்டுவிட்டேன். "ரத்தத்தப் பாத்தா உனக்கு ஆகாதே" என்றார். ரத்தமாம். ஐயோ, ரத்தத்தைப் பார்த்தா போட்டேன்? நான்தானே வீசினேன் அந்தக் குடத்தை! சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "சாப்பிட்டீங்களா?" என்றுதான் வந்தது.

பிப்ரவரி 16

லாரி முதலாளி சொல்லிவிட்டாராம்: "ஆபீஸ்காரங்க எழுதறத நம்பிப் பொழைக்க முடியாது. எட்டு அடிச்ச அடுத்த நிமிஷம் வண்டி நகரணும். எல்லாரும் இங்கயே படுங்க."

தண்ணீர் நிரப்பும் இடத்தில் டிரைவர்களுக்கு ஒரு கொட்டகை இருக்கிறது. போர்வை, இரண்டு சட்டை, முகச்சவர சாமான் எல்லாவற்றையும் ஒரு பையில் அடைத்தேன். வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

ஒரு மணி நேரத்துக்கு ஆசைப்பட்டேன். இருந்த ராத்திரியும் போச்சு. நல்லா வேணும் எனக்கு.

பிப்ரவரி 17

பூனை வந்தது. போ என்று சொல்லவில்லை. தானாகவே போய்விட்டது.

பிப்ரவரி 24

அடுத்த மூன்று மாதத்துக்கான முன்னறிவிப்பு என் மேசைக்கு வந்தது. எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் ஒன்றுதான்: மழை இல்லை, காற்று கூடும், நீர்த்தேக்கம் இன்னும் இறங்கும். 'வறட்சி தீவிரமடையும்' என்று எழுதினேன்.

மேலதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "'நீடிக்கும்'னு போட்டா போதாதா? ஜனங்க பயந்துடுவாங்க."

"பயந்தாத்தான் சார் இப்பவே தண்ணிய மிச்சம் பிடிப்பாங்க. தீவிரமாத்தான் ஆகப்போகுது."

என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். இன்னும் மூன்று மாதம் என் வீட்டுக்காரருக்குக் கொட்டகைதான். கையெழுத்து மேலதிகாரியுடையது, எழுதினது நான். கழிவறையில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழலாம் என்று பார்த்தேன். குழாயில் தண்ணீர் இல்லை. சத்தம் வராமல் அழுதேன்.

மார்ச் 3

வார விடுமுறை. முதல் பஸ்ஸைப் பிடித்து அவர் இருக்கும் இடத்துக்குப் போனேன். லேசான பனி. நான் எழுதியபடியே. லாரிகள் தண்ணீர் பிடிக்க வரிசையாக நின்றன. என்னைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சா?"

"யாருக்கும் ஒண்ணும் ஆகல. உங்களப் பாக்கத்தான் வந்தேன்."

அதை நம்புவதற்கு அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு லாரியில் ஏற்றிக்கொண்டார். படி உயரம், கை கொடுத்துத் தூக்கிவிட்டார். ஊருக்குள் திரும்பும் வளைவில் சொன்னேன், சாலையைப் பார்த்துக்கொண்டே:

"அந்த ரெண்டு நாளும் அடர்ந்த பனி வராதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் எழுதினேன்."

கியரை மாற்றினார். வளைவு தாண்டியதும் சொன்னார்:

"ஜன்னல்கிட்ட உக்காந்துதானே டீ குடிச்சேன்? தெருக்கோடி வரைக்கும் பளிச்சுன்னு இருந்துச்சு. முதலாளிக்கு ஒரு போன் போட்டு, பனியே இல்ல, உத்தரவு போட்ட ஆபீசருங்ககிட்ட கேட்டு வண்டிய எடுக்கலாம்னு சொல்லியிருக்கலாம். சொல்லல."

"ரெண்டாவது நாளுமா?"

"ரெண்டாவது நாளும்தான்."

லாரி மேடேறியது. மேட்டுத் தெருவில் நான் ரப்பர் குழாயைப் பிடித்தேன். பிடிக்கத் தெரியவில்லை; முதல் குடத்துத் தண்ணீரில் பாதி என் காலில்தான் போனது. இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒருத்தி, அன்று மயங்கி விழுந்தவளாகத்தான் இருக்கும், கத்தினாள்: "பாத்து ஊத்துங்கக்கா! பனி பனின்னு எழுதறாளே ஆபீஸ்ல ஒருத்தி, அவள ஒரு நாள் இந்த வரிசையில நிக்க வைக்கணும். அப்பத் தெரியும் ஒவ்வொரு சொட்டும்." அவர் நெற்றித் தழும்பைத் தடவிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார். "ஆமாம்மா, நிக்க வைக்கணும்" என்றேன். அடுத்த குடத்துக்குக் குழாயைத் தாழ்த்திப் பிடித்தேன்.

மார்ச் 11

நேற்று காற்று அடியோடு நின்றுவிட்டது. மூன்று தடவை சரிபார்த்துவிட்டு, மனசே இல்லாமல் எழுதினேன்: அடர்ந்த மூடுபனி.

காலையில் எதிர்வீடு தெரியவில்லை. இன்னும் விடியாத மாதிரியே இருந்தது. போன் அடித்தது.

"எழுந்துட்டியா? வண்டி எடுக்க முடியாது. எட்டு மணி வரைக்கும் சும்மாதான் இருக்கேன்."

"டீ குடிச்சீங்களா?"

"இப்பதான் போடறேன். நீயும் போடு."

போட்டேன். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு குடித்தேன். அவர் உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. மேட்டுத் தெருவில் இந்நேரம் காலிக் குடங்கள் வரிசையாக நிற்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். அதையும் பேசினோம். அந்தக் கைக்குழந்தை இப்போது தவழ்கிறதாம்.

எட்டு மணிக்கு அவர்தான் முதலில் போனை வைத்தார்.