செவ்வந்தி பாட்டை முடிக்கப் பழகுகிறாள்

அன்பு மகன் அறிவுச்செல்வனுக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நான், உன் பெண்டாட்டி செவ்வந்தி, பேத்தி கனிமொழி, போன வாரம் ஈன்ற பசு, அதன் கன்று எல்லாரும் சுகம். மஸ்கட்டில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, வெயிலில் தலைகாயாமல் சுகமாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன், அப்படி இல்லாவிட்டால் மறைக்காமல் சொல்லிவிடு. தினமும் போனில் பேசுகிறோமே, அம்மாவுக்கு இப்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசும்போது செவ்வந்தி பக்கத்திலேயே நிற்கிறாள், அவள் இல்லாத நேரத்தில் போன் கனிமொழி கையில் இருக்கும், நான் என்ன சொன்னாலும் அது ஓடிப்போய் அம்மாவிடம் ஒப்பித்துவிடும். உன்னோடு வேலை பார்க்கும் கூத்தாநல்லூர் ஹாஜா மைதீன் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை விமானம் ஏறுகிறாராம், நார்த்தங்காய் ஊறுகாயோடு இதையும் அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்வதற்குள் படித்துவிடு, விஷயமே அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியதுதான்.

முதலில் வீட்டுச் சேதி. சம்பா அறுவடையை மெஷின் வைத்து முடித்தோம், நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தது, தெளித்த உளுந்து முளைத்துப் பூவும் வைத்துவிட்டது, இந்த வருஷம் பனி நன்றாக இறங்குகிறது. கனிமொழி திருவாரூர் வரைக்கும் போய்ப் பாட்டுப் போட்டியில் பரிசு வாங்கி வந்தாளே, அந்தக் கோப்பையை டிவிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன், யார் வந்தாலும் எடுத்துக் காட்டாமல் இருக்க என்னால் முடியவில்லை. அன்றைக்குக் கரண்ட் கணக்கெடுக்க வந்தவரிடம் காட்டிக்கொண்டிருந்தேன், அத்தை பாவம் அவரு, இன்னும் தெருப்பூரா போவணும், விடுங்க என்று செவ்வந்தி சிரிக்கிறாள். சிரித்தால் சிரிக்கட்டும், என் பேத்தி மேடையேறிப் பாடியிருக்கிறாள், நான் சொல்லாமல் வேறு யார் சொல்வார்கள்.

இனி செவ்வந்தி. நீ பாலிடெக்னிக் படித்தபோது அடம்பிடித்து வாங்கிய கிட்டார் உன் கல்யாணத்துக்கு முன்பே பரணுக்குப் போய்விட்டது உனக்குத் தெரியும். நீ மஸ்கட் போன பிறகு அவள்தான் அதை இறக்கித் துடைத்து, துருப்பிடித்த கம்பியெல்லாம் மாற்றி, போனில் ஒரு பையன் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்துப் பார்த்துத் தானாகவே வாசிக்கக் கற்றாள். மருந்துக் கடை வேலை முடிந்து வந்து, அடுப்பு வேலை பார்த்து, கனிமொழியின் பாடத்தைப் பார்த்து, அதற்கு மேல் மிஞ்சுகிற நேரத்தில் கற்றது. இடது கை விரல் நுனியெல்லாம் காய்த்துப்போயிற்று. நடவு நட்ட என் கையும் காய்த்த கைதான், ஆனால் யாரும் ஏவாமல், தன் இஷ்டத்துக்கு ஒரு கை காய்த்ததை நம் வீட்டில் அவளிடம்தான் முதலில் பார்த்தேன். ஆரம்பத்தில் வாரத்துக்கு வாரம் வித்தியாசம் தெரிந்தது, எனக்கே கேட்டு ரசிக்கிற மாதிரி வந்தது, தெருவில் போகிறவர்கள் நின்று கேட்டார்கள். அதற்குப் பிறகு அப்படியே நின்றுவிட்டது. நீ கல்யாணமான புதிதில் முணுமுணுப்பாயே ஒரு பழைய சினிமாப் பாட்டு, அதைத்தான் எடுப்பாள், அழகாகத் தொடங்குவாள், நடுவில் ஓரிடத்தில் விரல் தவறும், ச்சு என்று சொல்லிவிட்டு மறுபடியும் முதலிலிருந்து எடுப்பாள். வேறு பாட்டு எடுத்தாலும் கதை அதேதான். போன் பையனை நிறுத்தி நிறுத்திப் பார்த்துப் பழகியவள், தன்னையும் அப்படியே நிறுத்தி நிறுத்திப் பழகிவிட்டாள். அந்தப் பாட்டுக்கு முடிவே கெடையாதா அப்பாயி என்று கனிமொழி என்னைக் கேட்டிருக்கிறாள்.

கார்த்திகை மாதத்தில் ஒருநாள் நீ போனில் இருந்தபோது வாசித்துக் காட்டினாள், ஞாபகம் இருக்கிறதா தெரியவில்லை. தவறியதும் மறுபடி முதலிலிருந்து எடுத்தாள். நீ கொட்டாவி விட்டுக்கொண்டே, இன்னும் அதே பாட்டுதானா செவ்வந்தி, நான் ஊருக்கு வர்றதுக்குள்ளயாச்சும் அடுத்த பாட்டுக்குப் போயிடுவியா என்று சிரித்தாய். அவளும் சிரித்தாள். போனை வைத்ததும் கிட்டாரை உறையில் போட்டு ஜிப்பை இழுத்து பீரோவின் மேல் ஏற்றிவிட்டாள். ஏம்மா என்று கேட்டேன். அவரு சொன்னதுல என்ன தப்பு அத்தை, எத்தனையோ நாளா ஒரே எடத்துலதான் நிக்கிறேன், நமக்கு வந்தது அவ்வளவுதான், ஆசப்பட்டதுக்கு ஆச்சு என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். கடையில் மருந்து இல்லை என்று வந்தவர்களுக்குச் சொல்வாளே, அந்தக் குரலில் சொன்னாள். மார்கழி பூராவும் அது பீரோ மேலேயே கிடந்தது. உன்மேல் குற்றம் சுமத்துவதற்காக இதை எழுதவில்லை. வேலை முடிந்து அலுத்துப்போய் வருகிறவன், தமாஷுக்குச் சொன்னாய், எனக்குத் தெரியும். ஆனால் அவளுக்கென்று அவளே தேடிக்கொண்டது அது ஒன்றுதான் தம்பி. தாலி நீ கட்டியது, வீடு நான் கொடுத்தது, வேலை கடைக்காரர் கொடுத்தது.

மறுபடி கிட்டார் கீழே இறங்கியது நம் கனிமொழியால். காணும் பொங்கலன்று கோயில் திடலில் நம் தெருப் பெண்கள் கும்மி அடிப்பது உனக்குத் தெரிந்ததுதானே, இந்த வருஷம் பாட்டை எடுத்துக்கொடுக்கிற வேலை கனிமொழிக்கு வந்தது. அது சும்மா இருக்காமல், எங்கம்மா கிட்டாரு வாசிப்பாங்க என்று எல்லாரிடமும் சொல்லிவிட்டது. செவ்வந்தி முடியாது என்றாள், கெஞ்சினாள், இந்தப் பிள்ளையின் வாயை அடைக்க முடியுமா, கடைசியில் திடலில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். கும்மி சுற்ற ஆரம்பித்தது. தொடக்கம் நன்றாகத்தான் இருந்தது. நடுவில் விரல் தவறியதும் வழக்கப்படி நிறுத்திவிட்டு முதல் வரிக்குத் திரும்பினாள். கும்மி நிற்குமா? அவள் முதல் வரியில் இருக்கிறாள், பெண்கள் எங்கேயோ போய்விட்டார்கள், எதைக் கேட்டுக் கை தட்டுவது என்று தெரியாமல் இரண்டு பேர் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டார்கள். எதிர்வீட்டு அம்சத்தின் வாய் உனக்குத் தெரியுமே. கை தட்டுவதை நிறுத்தாமலே, ஏன்டி செவ்வந்தி, பஸ்ஸ விட்டுட்டா திரும்ப டெப்போவுக்கா போவ, அடுத்த ஸ்டாப்புல ஏறிக்கடி என்று கத்தினாள். திடலே சிரித்தது. செவ்வந்திக்கு முகம் சுண்டிப்போயிற்று, எழுந்து வீட்டுக்குப் போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன், பின்னாலேயே போக நானும் முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்துவிட்டேன். ஆனால் அவள் போகவில்லை. கம்பியின்மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கிக்கொண்டு ஒரு சுற்று முழுக்கச் சும்மா கேட்டுக்கொண்டிருந்தாள், அடுத்த வரியைக் கனிமொழி எடுத்தபோது கூடவே சேர்ந்துகொண்டாள். மறுபடி தவறியது, விட்டுவிட்டு அதற்கடுத்த வரியில் சேர்ந்துகொண்டாள். பாதி வாசித்தாள், பாதி விட்டாள் என்றுதான் சொல்ல வேண்டும், ஆனால் கும்மி முடிந்தபோது அவளும் முடித்தாள்.

வீட்டுக்கு வந்து வாசலில் காலைக் கழுவிக்கொண்டே சொன்னாள், அத்தை, நான் தப்பு பண்ணுன எடத்தத் தாண்டி ஒருநாளும் போனதே இல்ல, இத்தன நாளும் மொதல் பாதியத்தான் திரும்பத் திரும்பக் கத்துக்கிட்டிருக்கேன், பின்பாதி அப்படியே புதுசா கெடக்கு என்றாள். எனக்கு அது புரிந்தும் புரியாமலும் இருந்தது, ஆனால் முகத்தைப் பார்த்தால் காய்ச்சல் விட்டவள்போல் இருந்தாள். மறுநாளிலிருந்து வீட்டில் வேறு சட்டம். கனிமொழி பாடும், செவ்வந்தி வாசிக்க வேண்டும், என்ன தவறினாலும் நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் கனிமொழி தேய்த்துவைக்க வேண்டிய பாத்திரத்தையும் சேர்த்து அம்மாதான் விளக்க வேண்டும். முதல் வாரம் கனிமொழி ஒரு கரண்டியைக்கூடத் தொடவில்லை. அப்புறம் அம்சம் வந்து சேர்ந்தாள், என் பாட்டுக்கும் வாசி என்று. அவள் குரல்தான் ஆண்பிள்ளைக் குரலாயிற்றே, செவ்வந்தி பழகிவைத்திருந்த விரல் இடம் ஒன்றும் அதற்குப் பொருந்தவில்லை, கொஞ்சம் ஏத்திப் பாடுங்கக்கா என்று கேட்டதற்கு, என் தொண்டையில திருகாணியா இருக்கு, ஒன் கம்பியத் திருகுடி என்றுவிட்டாள். திருகித் திருகி ஒரு கம்பி அறுந்ததுதான் மிச்சம். கடைசியில் ஆள்காட்டி விரலை ஆறு கம்பிக்கும் குறுக்கே படுக்கப்போட்டு அழுத்துகிற ஒரு வழி இருக்கிறதாம், அப்படிச் செய்தால் எந்தக் குரலோடும் போகலாமாம், கை நோகும் என்று இத்தனை காலமும் அதைத் தொடாமலே தள்ளிவைத்திருந்தாளாம். இப்போது அதைத்தான் போட்டு மல்லுக்கட்டுகிறாள். கம்பி பாதி பேசுகிறது, பாதி தகரத்தில் ஆணி கீறுகிற மாதிரி கேட்கிறது, மாடு தலையைத் திருப்பிப் பார்க்கிறது.

நான் சொல்ல வந்தது இதுதான் தம்பி. அவள் இப்போது முன்னைவிட மோசமாக வாசிக்கிறாள். ஒளிக்காமல் சொல்கிறேன், முன்பு கேட்க நன்றாக இருந்தது, இப்போது நன்றாக இல்லை. ஆனால் முன்பு தெரிந்ததையே வாசித்துக்கொண்டிருந்தாள், இப்போது தெரியாததில் இறங்கியிருக்கிறாள், அதனால் அப்படிக் கேட்கிறது என்று நான் நினைக்கிறேன். கடையில் டாக்டர் எழுத்தை ஒரு பார்வையில் படித்துவிடுகிறவள் அவள், சந்தேகம் வந்தால் அக்காவிடம் கேளுங்கள் என்று முதலாளியே சொல்கிறாராம். அப்படிப்பட்டவள் பெற்ற பிள்ளைக்கு முன்னால், எதிர்வீட்டுக்காரிக்கு முன்னால், ஒரு விரலைச் சரியாக வைக்கத் தெரியாமல் தடுமாறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். சின்னப் பிள்ளை தடுமாறினால் ஊரே கைதட்டும், வயது வந்த பொம்பளை தடுமாறினால் யார் தட்டுவார்கள். அவள் அதற்குக் கூச்சப்படாமல் இருக்கிறாளே, அதைப் பார்த்தால் கனிமொழி வாங்கிய கோப்பையைவிட எனக்குப் பெருமையாக இருக்கிறது. இதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை, மாமியாரும் மருமகளும் அப்படியெல்லாம் பேசிப் பழகவில்லை, உன்னிடம் எழுதுகிறேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை உனக்கு ஒரு பாட்டு வாசித்துக் காட்டப்போகிறாள். புதுப் பாட்டு, அந்தப் படுக்கை விரல் வைத்து வாசிக்கிறது. சொல்லாதீங்க அத்தை என்று என்னிடம் கேட்டுக்கொண்டாள், நான் சொல்கிறேன் பார், ஏனென்றால் நீ தெரியாமல் ஏதாவது சொல்லிவிட்டால் அது மறுபடி பீரோ மேல் ஏறிவிடும், இந்தத் தடவை ஏறினால் இறங்காது. அதனால் அம்மா சொல்வதைக் கேள். தவறும், நிச்சயமாகத் தவறும். பழைய பாட்டே நன்றாக இருந்ததே என்று சொல்லிவிடாதே. பரவாயில்ல மொதல்லேருந்து வாசி என்றும் சொல்லாதே, அன்பாகத்தான் சொல்வாய், அது அவளைத் திரும்ப அங்கேயே கொண்டுபோய் விட்டுவிடும். சூப்பர் என்றும் சொல்லாதே, அவளுக்குத் தெரியும் எது சூப்பர் என்று. போனில் சத்தம் விட்டுவிட்டு வரும், அதையும் அவள் தப்பில் சேர்த்துவிடாதே. அலுப்பாக இருந்தால் படுத்துக்கொண்டே கேள், ஆனால் முடிகிற வரைக்கும் கேள். அப்புறம் ஏதாவது சொல்லத் தோன்றினால், பின்பாதியில் உனக்கு எது பிடித்தது என்று ஒன்றே ஒன்றைச் சொல், அதற்கு நீ கவனித்துக் கேட்டிருக்க வேண்டும், அது போதும்.

வேளைக்குச் சாப்பிடு, ஏசி ரிப்பேருக்கு மாடி ஏறும்போது நிழல் பார்த்து நில், ஊறுகாயை ஈரக்கையால் தொடாதே, ஹாஜா மைதீனுக்கும் ஒரு பாட்டில் கொடு, தூக்கி வந்த மனுஷர். நம் மாரியாத்தா உனக்குக் கையிலும் காலிலும் பலம் கொடுத்து, போன இடத்தில் நல்ல பெயரோடு வைத்திருக்கட்டும், நீயும் உன் குடும்பமும் ஒரே கூரையின்கீழ் இருக்கிற காலம் சீக்கிரம் வரட்டும். இந்தக் கடிதம் வந்ததை வீட்டில் மூச்சு விடாதே. ஒன்று மட்டும் மறக்காதே, ஞாயிற்றுக்கிழமை வெறும் குரலில் பேசிவிட்டு வைத்துவிடாமல் முகம் தெரிகிற மாதிரி போன் போடு. பாட்டு முடிந்ததும் செவ்வந்தி, முடித்துவிட்டோமா என்று அவளுக்கே நம்பிக்கை இல்லாமல் கையைக் கம்பியிலேயே வைத்துக்கொண்டு மெதுவாக நிமிர்ந்து பார்ப்பாள். அந்த முகத்தை இதுவரைக்கும் நானும் கனிமொழியும்தான் பார்த்திருக்கிறோம். நீயும் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு
உன் நினைப்பாகவே இருக்கும் அம்மா
கா. காத்தாயி