அம்மாவுக்கு என்ன நிறம்

1991 பெப்ரவரி 11, திங்கள்

பனி இறுகிக் கண்ணாடியாய்க் கிடக்கிறது. செவன் கிங்ஸ் ஸ்டேஷனடியில் இரண்டு தரம் வழுக்கினேன். அக்கா வீட்டில் சாப்பாடு. அம்மாவின் முப்பத்தோராம் நாள் காரியம் 24ஆம் தேதி. வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவு மலருக்கு அட்டைப்படம் இல்லை. ஊரில் ஷெல் விழுந்து வீடு எரிந்ததில் அம்மாவோடு ஆல்பங்களும் போய்விட்டன.

அக்கா: "நீ கிழமைக்கொருக்கால் படம் கீறப் போறாய்தானே. அம்மாவைக் கீறித் தா."

ஏலாது என்று நினைத்துக்கொண்டே சரி என்றேன்.

பெப். 14, வியாழன்

பெற்றோல் ஸ்டேஷன் ஷிப்ட் முடிந்து மூன்று நாளாக முயற்சி. மண்ணிறம், கொஞ்சம் மஞ்சள், வெள்ளை. பிள்ளையார் பிடிக்கக் குரங்கு. இதுவரை நான்கு குரங்குகள்.

மாலை வகுப்பில் ஆசிரியை ஒரு புத்தகம் காட்டினாள். ஃபாவிஸம். பிரான்சில், இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில். மரம் சிவப்பு, கன்னம் செம்மஞ்சள், மூக்கில் பச்சை. அந்த ஓவியர்களைக் காட்டுமிருகங்கள் என்று திட்டினார்களாம். கண் கண்ட நிறத்தை விட்டுவிட்டு மனதில் பட்ட நிறத்தைத் தீட்டு என்றாள்.

பஸ்ஸில் யோசனை. அம்மாவுக்கு என்ன நிறம்? கோபம் வந்தால் சிவப்பு. காய்ச்சல், வருத்தம் வந்து படுத்தால் பச்சை.

பெப். 16, சனி

ஒரே மூச்சில் முடிந்தது! சிவப்பு முகம். கண், மூக்கு, வாய் எல்லாம் பச்சைத் திட்டுகள். கோடே இல்லை. எட்ட நின்று பார்த்தேன். அம்மா என்னை ஏசப்போகிறாள். அழுதேன்.

படத்தோடு போன எனக்கு அக்காதான் கதவைத் திறந்தாள். "ஐயோ, என்ரை அம்மா!"

அத்தான்: "முகத்தில ஏன் பச்சை?"

"நீங்கள் சும்மா இருங்கோ."

படத்தை அத்தானே வால்தம்ஸ்டோ அச்சகத்தில் கொடுத்துவிட்டு வந்தார். மூன்று வாரத்தில் இன்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன்.

பெப். 23, சனி

மழை. பின்னேரம் அத்தான் அச்சடித்த இருநூறு நினைவு மலர்களோடு வந்தார். கட்டைப் பிரித்தால் அட்டையில் முகம் இல்லை. பூப்போட்ட கரைக்குள் சாம்பல் நிறத்தில் ஒரு முட்டை.

அத்தான் அச்சகக்காரருக்குப் போன் எடுத்தார்; நானும் காதை வைத்துக் கேட்டேன். "கறுப்பு மை மட்டும்தானே அண்ணை சொன்னனீங்கள். உங்கடை சிவப்பும் பச்சையும் கறுப்பிலை ஒரே சாம்பல்தான். நான் என்ன செய்யிறது? கடை பூட்டியாச்சு. படத்தைத் திங்கள் வந்து எடுங்கோ."

அவரில் பிழையில்லை. நிறத்தாலேயே முகம் செய்தவன் நான். நிறம் போனால் என்ன மிஞ்சும் என்று யோசிக்காத மடையனும் நான்தான். அக்கா மலர்களைத் திரும்பக் கட்டி மூலையில் வைத்தாள். அதுதான் தாங்க முடியவில்லை.

பெப். 24, ஞாயிறு

ஐயர் பத்து மணிக்கு வருகிறார். காலை ஐந்திலிருந்து அக்காவின் சாப்பாட்டு மேசையில் கறுப்புப் பேனையோடு இருக்கிறேன். ஒவ்வொரு முட்டையிலும் கண், மூக்கு, வாய்.

"கெதியாக் கீறு, சனம் வரப்போகுது."

அக்கா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்க்கிறாள். "இது பெரியம்மா மாதிரி." "இது ஆர்?"

நாற்பது முடிந்தது. அடுத்ததற்கு முன் கண்ணை மூடி அம்மாவை நினைத்துப் பார்த்தேன். நான் கீறிய நாற்பது பேரும் வந்தார்கள். அம்மா வரவில்லை.