நெப்போலியனைக் கேட்க ஓர் ஆள்

அக்கா,

குழம்பைச் சுட வைத்திருக்கிறேன். வெளியே போனால் சாவியைப் பக்கத்து வீட்டுக் குப்பம்மாவிடம் கொடு.

எங்கள் இரவுப்பள்ளி உலக சரித்திர வாத்தியாருக்கு ஒரு விதி. படித்த பாடத்தை வீட்டில் ஒருவருக்காவது வாயால் சொல்ல வேண்டும். நேற்று, "யார்கிட்ட சொன்னே?" என்றார். "சுவத்துகிட்ட சார்" என்றேன். "சுவரு இன்னா கேள்வி கேட்டுது மாமே?" என்று பக்கத்து பெஞ்சு டேவிட் சிரித்தான். நாளையும் ஆள் இல்லையென்றால் வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டும்.

"நெப்போலியனா, நைனா, உனக்கு வேல வாங்கித் தரப்போறான்?" என்று ஞாயிற்றுக்கிழமை கேட்டாயே, அதை இன்று நான் பாடம் சொல்லும்போது மறுபடி கேள்.

இன்று உனக்கு ஆஸ்பத்திரியில் ராத்திரி டியூட்டி இல்லை. நான் வரும்வரை தூங்காதே.

பால்ராஜ்

பி.கு.: கடைசியில் அவனை ஒரு தீவில் தனியாக விட்டுவிடுகிறார்கள். அந்த இடம் வரைக்குமாவது முழித்திரு.