தறிக்காரி கேட்டது

1930 செப்டம்பர் 9, செவ்வாய்

மழை. மில் மூடி ஐந்தாவது மாதம். லங்காஷயர் ஜில்லா பூராவும் தறிகள் நின்று கிடக்கின்றன, குற்றவாளி என்னவோ நான்தான்! வேலையில்லாதோர் உதவிப்பணம் வாங்கப் போனால் கவுன்ட்டர்க்காரன் ஒரு சீட்டை நீட்டுகிறான். கடற்கரை ஊரில் ஒரு சீமாட்டி வீட்டில் வேலைக்காரி வேலை. அங்கேயே தங்க வேண்டும்.

"நாலு தறி ஓட்டுறவ நான்" என்றேன்.

"தறிதான் ஓடலையே, மிஸ் ஹார்க்ரீவ்ஸ்."

நான் போய்விட்டால் வால்டரை யார் பார்ப்பது? போரில் விஷப்புகையைக் குடித்துவிட்டு வந்த தம்பி. மாடி ஏறுவதற்குள் இரண்டு தடவை உட்காருகிறான். முடியாது என்று சொல்லிவிட்டேன்.

செப்டம்பர் 11

பணத்தை நிறுத்திவிட்டார்கள். 'தகுந்த வேலையை மறுத்தார்' என்று கடிதம். தகுந்ததாம்!

செப்டம்பர் 14, ஞாயிறு

வால்டர் மெதுவாக ஆரம்பித்தான். "நான் ஏழைகள் விடுதிக்குப் போயிடறேன் அக்கா. நீ அந்த வேலைக்குப் போ."

"என் பொணத்தைத் தாண்டிப் போடா!" என்று கத்திவிட்டேன். அந்த விடுதிக்குப் போனவன் எவன் திரும்பி வந்தான்? அப்புறம் அடுப்படியில் நின்று அழுதேன்.

பக்கத்து வீட்டு ஏடா கிழங்குக் குழம்போடு வந்தாள். "முறையீட்டுக் குழுவுக்கு எழுதிப் போடுடி. மில்லுல மேஸ்திரியையே ஓட ஓட விரட்டினவ, இப்ப வாய் செத்துப்போச்சா?"

எழுதிப் போட்டேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

இன்று முறையீட்டுக் குழு முன்னால் போய் நின்றேன்.

நீள அறை. அந்தக் கோடியில் மேஜை: நடுவில் தலைவர், ஒரு பக்கம் முதலாளிகளின் ஆள், மறுபக்கம் தொழிலாளிகள் சார்பில் ஒரு பெரியவர் – பாதித் தூக்கத்தில். என்னைக் கதவோரம் நிற்க வைத்தார்கள். வால்டரைப் பற்றிச் சொன்னேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பிறகு தலைவர் முதலாளிகளின் ஆள் பக்கம் சாய்ந்து முணுமுணுத்தார். சத்தம் எனக்கு எட்டாது என்ற தைரியம். ஐயோ பாவம்! இருபத்திரண்டு வருஷம் தறிக்கூடத்தில் நின்றவள் நான். அந்த இரைச்சலில் எவளும் காதால் கேட்பதில்லை. எதிர்த் தறிக்காரியின் உதட்டைப் பார்த்தே ஊர்க்கதை முழுக்கப் பேசி முடிப்போம்.

அவர் உதடு சொன்னது இது: "அந்த வீட்டுல செப்டம்பர் ரெண்டாம் தேதியே ஆள் வெச்சுட்டாங்களாம். போகட்டும். இவளை விட்டா நாளைக்கு எல்லாரும் கிளம்பிடுவாங்க."

ரத்தம் தலைக்கு ஏறியது. "ஐயா, ரெண்டாம் தேதியே ஆள் வெச்சாச்சுன்னா, ஒம்பதாம் தேதி நான் மறுத்தது எந்த வேலையை?"

தலைவர் தன் முன்னாலிருந்த வழக்குக் கோப்பைச் சட்டென்று மூடினார். பெரியவருக்குத் தூக்கம் போயே போய்விட்டது. "என்னது? என்கிட்ட ஏன் சொல்லலை? கொண்டாங்க அந்தக் கோப்பை!" என்று பிடுங்கினார். அதிலேயே இருந்தது, ஆள் கிடைத்துவிட்டது என்ற சீமாட்டியின் கடிதம்.

தீர்ப்பு எனக்கு! நிறுத்திய நாளிலிருந்து எல்லாம் தர வேண்டும்!

வீட்டுக்கு ஓடியே வந்தேன். வால்டர் சிரித்துச் சிரித்து இருமினான், இருமி இருமிச் சிரித்தான். ஏடா தெருவில் இறங்கிக் கத்தினாள்: "அடி கெட்டிக்காரி! உள்ள வாங்கடீ, எல்லாரும் வந்து கேளுங்க!"

செப்டம்பர் 27

இன்று மட்டும் ஏழு பெண்கள் முறையீடு எழுதச் சொல்லி வந்தார்கள். மை தீர்ந்துவிட்டது.

1932 பிப்ரவரி 18, வியாழன்

காலையில் வால்டர் என் செருப்புக்குப் பாலிஷ் போட்டு வாசலில் வைத்திருந்தான். முறையீட்டுக் குழுவில் தொழிலாளிகள் சார்பில் இருந்த பெரியவர் ஓய்வெடுத்துக்கொண்டார், அவர் இடத்துக்குச் சங்கம் என் பெயரைக் கொடுத்துவிட்டது. அதே அறை. மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தேன்.

முதல் வழக்கு, நூல் சுற்றும் பெண் ஒருத்தி. கதவோரம் சால்வையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தலைவர் என் பக்கம் சாய்ந்து, "நீங்க என்ன நினைக்கிறீங்க, மிஸ் ஹார்க்ரீவ்ஸ்?" என்று கிசுகிசுத்தார்.

அந்தப் பெண்ணுக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னேன்.