அக்கா, உன் மூன்று சக்கர சைக்கிளை நான் விட்டுக்கொடுக்கவில்லை

என் பிரியமுள்ள ரோசி அக்காவுக்கு,

நேற்று உன் மகன் ஜெரால்ட் ஒரு கரங்குனிக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தான். பழைய பேப்பரும் பழைய டிவியும் எடுப்பவரிடம் உன் சைக்கிளைத் தூக்கிக்கொடுக்கப் பார்த்தான். நான் நம் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே இறங்கிப்போய் அதன் சீட்டில் உட்கார்ந்துகொண்டேன்.

“சித்தி, எழுந்திரிங்க லா. எல்லாரும் பாக்குறாங்க.”

“பாக்கட்டும். என்னையும் சேத்து எடை போடச் சொல்லு.”

அந்த மனிதர் சிரித்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். ஜெரால்ட் சிரிக்கவில்லை. நானும்தான்.

உன் நாற்பதாம் நாள் பூசைக்கு வந்தவர்கள் எல்லோரும் அவனைத்தான் புகழ்ந்தார்கள். அம்மாவைத் தாங்கித் தாங்கிப் பார்த்துக்கொண்டானாம். தாங்கினான், யார் இல்லையென்றது? பக்கவாதத்தில் உன் இடது பக்கம் விழுந்த நாளிலிருந்து உன்னை எதையுமே செய்ய விடாமல் தாங்கினான். என் கோபமே அதுதான்.

சிராங்கூன் ரோடு புடவைக் கடை நினைவிருக்கிறதா? நீ சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்க, கடைப் பெண் உன் தலைக்கு மேலே ஜெரால்டிடம் கேட்டாள், “அம்மாவுக்கு என்ன கலர் பிடிக்கும் சார்?” அவனும் “ப்ளூ” என்றான். உனக்கு நீலம் எப்போது பிடித்தது? உன் வாய் நன்றாகத்தானே இருந்தது?

அன்று சாயங்காலம் நீ சொன்னாய், “ஸ்டெல்லா, எனக்கு ஞாயித்துக்கிழமை கோயிலுக்குத் தனியாப் போகணும்டி. யாரும் தள்ளக்கூடாது.”

அதற்காகத்தான் கிராஞ்சியில் ஒரு செடிப்பண்ணைக்குப் போய், பூந்தொட்டி சுமந்து துருவேறிக் கிடந்த இந்தச் சைக்கிளை வாங்கி வந்தேன். உன் இடது கை பிரேக் பிடிக்காது. இரண்டு பிரேக்கையும் வலது கைப்பிடிக்குக் கொண்டுவந்தேன். இடது கால் பெடலைவிட்டு நழுவாதபடி குதிகாலைத் தாங்க ஒரு கிண்ணமும் பட்டையும் வைத்தேன். சீட்டைத் தாழ்த்தி முதுகுக்குச் சாய்மானம் போட்டேன். எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. ஜூரோங் தொழிற்சாலையில், என் இயந்திரம் நின்றபோதெல்லாம் பழுதுபார்க்க வந்தவர்களின் கையையே பார்த்துக்கொண்டிருந்தவள் நான்.

வெல்டிங்குக்கு மட்டும் சைக்கிள் கடைக்குப் போனேன். “ஆன்ட்டி, இதுக்குப் புதுசே வாங்கிடலாம் லா,” என்றார் கடைக்காரர். “புதுசு செஞ்சவன் எங்க அக்கா காலைப் பாத்தா செஞ்சான்?” என்றேன். உடனே வெல்டிங் செய்தார்.

பிறகு நடந்ததை நீயே பார்த்தாய். “முதல்ல நான் ஓட்டிப் பாக்குறேன்,” என்று ஏறினான் உன் மகன். சின்ன வயதிலிருந்து இரண்டு சக்கரத்தில் பழகியவன், வளைவில் உடம்பைச் சாய்த்தான். மூன்று சக்கரம் சாயாது, கைப்பிடியைத்தான் திருப்ப வேண்டும். “சாயாதடா, திருப்பு!” என்று கத்தினேன். கேட்டால்தானே? நேரே செடிக்குள் போய் விழுந்தான்.

அடுத்து நீ ஏறினாய். வாழ்நாளில் சைக்கிளே தொடாதவளுக்குச் சாயும் பழக்கம் ஏது? கைப்பிடியைத் திருப்பினாய், வண்டி திரும்பியது. தபால் பெட்டிகள் வரை போய்விட்டுச் சிரித்துக்கொண்டே வந்தாய்.

அதைக் கண்ணால் பார்த்த பிறகும் அவன் சொன்னான், “நானே விழுந்துட்டேன், அம்மா எப்படி ஓட்டுவாங்க?” பூட்டுப் போட்டுச் சாவியை எடுத்துப் போய்விட்டான்.

உன்மேலும் எனக்குக் கோபம்தான் அக்கா. “பிள்ளை பயப்படுறான்டி, விடு,” என்றாயே, ஏன் சொன்னாய்? ஒருமுறை, ஒரே ஒருமுறை, “சாவியைக் குடுடா,” என்று கேட்டிருக்கக் கூடாதா? அதற்குள் காய்ச்சல் வந்தது, நெஞ்சில் சளி கட்டியது, நீ போய்விட்டாய். கோயிலுக்குக் கடைசியாகப் போனபோதும் உன்னை மற்றவர்கள்தான் தூக்கிக்கொண்டு போனார்கள்.

“விழுந்திருந்தா யார் பொறுப்பு?” என்று இன்னும் கேட்கிறான். விழுந்திருந்தால் நீ விழுந்திருப்பாய். நான் வந்து தூக்கியிருப்பேன். மனுஷி விழக்கூடாது என்று அவளை உட்கார்த்தியே வைக்க யார் உரிமை கொடுத்தது?

பூட்டை இன்று காலை அறுத்துவிட்டேன். இன்னொரு செய்தி. எதிர் புளோக் ஹலிமாவைத் தெரியுமே, உன்னைப்போலவே பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்தவர், மகள் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வருவாளே, அவர் நேற்றைய சண்டையை முழுக்கப் பார்த்திருக்கிறார். இன்று வந்து, “நான் ஓட்டிப் பார்க்கலாமா?” என்று மலாயில் கேட்டார். அம்மாவால் முடியாது என்று மகள் முந்திக்கொண்டாள். “உன்னிடம் கேட்கவில்லை” என்று அந்த மகளிடம் எனக்குத் தெரிந்த மலாயில் சொல்லிவிட்டு, ஹலிமாவின் முகத்தைப் பார்த்தே கேட்டேன், “எப்போது வேண்டும்?” வெள்ளிக்கிழமை என்றார்.

அதற்குள் பிரேக்கையும் கால் கிண்ணத்தையும் பக்கம் மாற்ற வேண்டும். உனக்கென்று எடுத்த அளவையெல்லாம் கழற்ற வேண்டியிருக்கும். கோபித்துக்கொள்ளாதே.

ஜெரால்ட் சமாதானம் பேச வருவான். வந்தால் கதவைத் திறப்பேன், சோறு போடுவேன், உன் பிள்ளை என்பதற்காக இன்னொரு கரண்டி குழம்பும் ஊற்றுவேன். ஆனால், “நீ செய்தது சரிதான்” என்று ஒருநாளும் அவனிடம் சொல்லமாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன்னோடும் இன்னும் சண்டை தீராத உன் தங்கை,
ஸ்டெல்லா