உங்கள் பித்தளையை நான் அறுத்துவிட்டேன்

என் அன்புக்கும் என் வாய்ச்சண்டைக்கும் ஒருங்கே உரிய அத்தானுக்கு,

நீங்கள் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. நம் ரைஃபிள் கிளப்பின் ஆண்டு மலருக்கு உங்களைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரும்படி கருணாகரன் கேட்டான். உங்கள் சித்தப்பா மகன் இப்போது செயலாளர். கேட்கிற தோரணையே மாறிவிட்டது. 'ஈடு செய்ய முடியாத இழப்பு' என்று முடித்தால் எடுப்பாக இருக்கும் என்று கடைசி வரியையும் அவனே சொல்லிவிட்டுப் போனான். அந்த வரியை நான் எழுதப் போவதில்லை. எழுதியதில் ஒரு வரியையும் வெட்டக்கூடாது என்று சொல்லித்தான் கொடுக்கப் போகிறேன்.

முதலில் செய்தி. உங்கள் பச்சைத் தகரப்பெட்டியில் இருந்த காலித் தோட்டா உறைகளை, ஒன்று விடாமல், இரும்பு அறுக்கும் ரம்பத்தால் இரண்டு பாதியாக அறுத்துவிட்டேன். கிளப் பட்டறை மேசையில், பட்டப்பகலில், என் கையால். கோபம் வந்தால் வரட்டும். நாற்பத்தாறு வருடம் உங்கள் கோபத்தோடு குடித்தனம் நடத்தியவள் நான்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் மலரைப் படிப்பவர்களுக்குத் தெரியாது, அதனால் சொல்லிவிடுகிறேன். ரைஃபிளைச் சுட்டால் குண்டு போய்விடும், பித்தளை உறை மிஞ்சும். அதைச் சுத்தம் செய்து, தீப்பொறி தரும் புது பிரைமரை அடியில் பொருத்தி, அளந்து வெடிமருந்து போட்டு, புதுக் குண்டு வைத்தால் மறுபடியும் சுடலாம். போட்டிக்குச் சுடுகிறவர்களுக்காக நம் கிளப் முறையாக அனுமதி வாங்கி இதைச் செய்து வருகிறது.

ஆனால் ஒவ்வொரு சூட்டிலும் பித்தளை கொஞ்சம் நீளும். நீளும்போது அடிப்பாகத்துக்குச் சற்று மேலே, உட்புறமாக, மெலியும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு நாள் அந்த இடத்தில் உறை இரண்டாகப் பிய்ந்தால், கொதிக்கும் வாயு முன்னால் போகாமல் சுடுகிறவரின் முகத்தை நோக்கித் திரும்பும். பித்தளையைத் தேர்ந்தெடுப்பது என்றால் அடிப்படையில் இதுதான்: யாருடைய கண்ணை எந்த உலோகத்தை நம்பி வைக்கிறோம் என்பது.

நம் இருவரில் மருந்து நிரப்புவது நீங்கள், உறையைத் தேர்வது நான். அந்த வேலை எனக்கு வந்த கதை உங்களுக்கு மறந்திருக்காது. கல்யாணமான முதல் கார்த்திகைக்குக் குத்துவிளக்குகளோடு சேர்த்து உங்கள் உறைகளையும் புளி போட்டுத் தேய்த்துப் பளிச்சென்று அடுக்கி வைத்தேன். நீங்கள் திட்டவில்லை. "விளக்கு வெளிச்சம் குடுத்தாப் போதும் ராஜி. இது உள்ளுக்குள்ள அடி வாங்கணும்" என்றீர்கள். அன்றே கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவி, நிமிர்த்தி, நுனியை மட்டும் நகக்கண் அளவுக்கு வளைத்தேன். உறைக்குள் விட்டு, அடியிலிருந்து சுவரை ஒட்டி மேலே இழுத்தால், மெலிந்த இடத்தில் நுனி தட்டும்.

கான்வென்ட்டில் எங்களுக்குப் பூத்தையல் சொல்லித் தந்த சிஸ்டர், துணியின் முன்பக்கத்தைப் பார்த்ததே கிடையாது. நீட்டினால், "திருப்பு" என்பார். பின்பக்கத்தில் முடிச்சும் நூல் வாலும் தெரிந்தால் மொத்தத்தையும் பிரிக்கச் சொல்வார். அன்றிலிருந்து எதையும் முன்பக்கத்தை வைத்து நான் நம்பியதில்லை. உங்களைத் தவிர.

நீங்களோ எல்லாவற்றுக்கும் இரக்கப்படுகிறவர். நான் கழித்துப் போட்ட உறையைக் குப்பைக்கூடையிலிருந்து எடுத்து, சட்டையில் துடைத்து, "இன்னொரு தடவை தாங்கும்" என்பீர்கள். "தாங்கலைன்னா?" என்றால் சிரிப்பீர்கள். முந்நூறு மீட்டரில் தங்கம் வாங்கிய அன்று சுட்ட உறைகளை, பல தடவை சுட்டவை என்று ஊசி விடாமலே மொத்தமாக நான் கழித்த பிறகும், தூக்கிப் போட மனமில்லாமல் பச்சைப் பெட்டியில் வைத்துக்கொண்டீர்கள். அதற்கு ராசிப் பெட்டி என்று பெயர் வேறு.

அந்தப் பெட்டி கிளப் ஆயுத அறையில் பூட்டிக் கிடந்தது. போன ஆயுத பூஜைக்குக் கருணாகரன் அதை வெளியே எடுத்திருக்கிறான். எடுத்தவன் சும்மா இருந்தானா? உப்பும் புளியும் கரைத்த தண்ணீரில் ஒரு நாள் முழுக்க ஊறவைத்துத் தேய்க்கச் சொல்லியிருக்கிறான். நான் போனபோது உங்கள் படத்துக்கு முன்னால், தாம்பாளத்தில், சந்தனமும் குங்குமமும் வைத்து உறைகள் அடுக்கியிருந்தன. அளவுக்கு மீறிப் புளித்தண்ணீரில் கிடந்ததால் பித்தளையின் மஞ்சள் வெளிறி, செம்பு போல ஒரு ரோஸ் நிறம் ஏறியிருந்தது. பித்தளை சத்திழந்ததன் நிறம் அது; ஊரே அழகு என்றது.

வாசலிலேயே கருணாகரன் என்னை மறித்தான். "மதினி, நீங்க அங்கன நிழல்ல உக்காருங்க. பூஜை முடியவும் நானே பிரசாதம் கொண்டாறேன்." வெயில் எனக்குப் பிரச்சினை இல்லை என்பது அவனுக்கும் தெரியும். என் வெறும் நெற்றிதான் பிரச்சினை. நான் போய், உங்கள் படத்துக்கு நேர் எதிரே, முதல் நாற்காலியில் உட்கார்ந்தேன். யாரும் எழுப்பவில்லை. எழுப்பிப் பார்க்கட்டும்.

தீபாராதனை முடிந்ததும் அறிவித்தான். உங்கள் பெயரில் நடக்கப் போகும் முதல் நினைவுக் கோப்பைப் போட்டியில் எல்லோரும் இந்தப் பித்தளையில் நிரப்பிய தோட்டாவைத்தான் சுடுவார்களாம். முதல் குண்டு நசீமாவுடையதாம்.

நசீமாவை உங்களுக்கு நினைவிருக்கும். கீழக்கரைப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை; கணவர் சவூதியில், தம்மாமில்; இரண்டு பிள்ளைகள். உங்களுக்குப் பிறகு முந்நூறு மீட்டரில் நம் மாவட்டத்துக்கு என்று சொல்லிக்கொள்ள இருப்பவள் அவள் ஒருத்திதான்; ஊசி விடவும் என்னிடம் பழகியவள். எல்லோரும் கை தட்ட, அவள் மட்டும் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

நான் எழுந்துபோய்த் தாம்பாளத்திலிருந்து ஒரு உறையை எடுத்து, முந்தானையில் சந்தனத்தைத் துடைத்து, கொண்டை ஊசியை உள்ளே விட்டேன். தட்டியது.

"இதுல மருந்து போடக் கூடாது தம்பி."

"என்ன மதினி இப்படிச் சொல்றீக? அண்ணன் கை பட்ட பித்தளை!"

"கை பட்டதுக்காகப் பித்தளை கெட்டிப்படாது."

"உங்களுக்குக் கை நடுங்கியிருக்கும். கண்ணு ஆபரேசன் வேற பண்ணியிருக்கீக."

"ஆபரேசன் கண்ணுக்குத்தான் பண்ணுனாங்க. விரலுக்குப் பண்ணல. நம்பிக்கை இல்லேன்னா அறுத்துப் பாரு."

அவன் பதறிப்போனான். "அறுக்கவா? நல்லா இருக்கு மதினி! புருசன் ஞாபகார்த்தத்தப் பொஞ்சாதியே ரம்பம் வச்சு அறுத்தாகன்னு நாளைக்கு ஊரு பேசாது?"

அதற்கு நான் பதில் சொல்வதற்குள் நசீமா முன்னால் வந்துவிட்டாள். "அண்ணே, ஊரு பேசுறத நீங்க கேட்டுக்கங்க. ரைஃபிள் போல்ட்டுப் பக்கத்துல மூஞ்சிய வைக்கப்போறவ நானு. அறுங்க மாமி."

அறுத்தேன். நீளவாக்கில், நிதானமாக. இரண்டு பாதியையும் விரித்து அவன் உள்ளங்கையில் வைத்தேன். உட்சுவரில், அடிக்குச் சற்று மேலே, பென்சிலால் இழுத்த மாதிரி சுற்றிலும் ஒரு கோடு. அந்த இடத்தில் சுவர் காகிதமாக இருந்தது. கருணாகரன் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒண்ணு இப்படி இருந்தா எல்லாமேவா இப்படி இருக்கும்?" என்றான். கேள்வி நியாயமானது. அதனால் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தேன்.

ஒவ்வொன்றாகத் தட்டியது. சிலவற்றில் ஊசியே தேவைப்படவில்லை. கழுத்தில் முடியளவு கீறல். சிலவற்றில் பிரைமர் உட்காரும் குழி விரல் வைத்தாலே தெரியும்படி தளர்ந்திருந்தது. கழித்த குவியல் ஏறிக்கொண்டே போனது. கடைசியாகத் தாம்பாளத்தில் ஒன்று மிஞ்சியது. அடியில் நம் மகளின் நகப்பூச்சால் நீங்கள் வைத்த சிவப்புப் புள்ளி, புளித்தண்ணீரிலும் போகாமல் இருந்தது. தங்கம் வாங்கித் தந்த கடைசிக் குண்டின் உறை. ஆஸ்பத்திரியில் உங்கள் உள்ளங்கையில் வைக்கச் சொல்லிக் கேட்டீர்களே, பிறகு நானே பெட்டியில் திருப்பிப் போட்டேனே, அது.

ஊசியை விட்டேன். வழுக்கிக்கொண்டு மேலே வந்தது. உறையைக் கொஞ்சம் திருப்பி மறுபடி விட்டேன். தட்டவில்லை. இன்னொரு தடவை. இல்லை.

"இது தேறுது" என்றேன்.

கருணாகரன் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீகளா! அண்ணன் நமக்குன்னு ஒண்ண மிச்சம் வச்சிருக்காரு. நசீமா, முதக் குண்டு இதுலதான்!"

எனக்கு என் குரல்தான் காதில் நின்றது. அவ்வளவு மெதுவாக நான் பித்தளையைப் பற்றிப் பேசியதே இல்லை. நல்ல உறையை நான் மூன்று தடவை பார்த்ததும் இல்லை. ஒரு தடவை போதும். அப்படியானால் நான் சோதித்தேனா, அதனிடம் கெஞ்சினேனா?

கழித்த குவியலிலிருந்து இரண்டு உறைகளையும், என் பையில் மாதிரிக்கு வைத்திருந்த புது உறைகளில் மூன்றையும் எடுத்து அதோடு கலந்தேன். நசீமாவைக் கண்ணை மூடச் சொல்லி, ஊசியைக் கையில் கொடுத்து, ஒவ்வொன்றாக நீட்டினேன். "சரி" என்றாள். "தட்டுது" என்றாள். "சரி. சரி." ஐந்தாவதாகக் கொடுத்தது உங்களுடையது. ஊசி பாதி வழியில் நின்றது.

"மாமி, இது நல்லாவே தட்டுது."

கண்ணைத் திறந்தவள் சிவப்புப் புள்ளியைப் பார்த்துவிட்டாள். முகம் வாடிப்போய், "யா அல்லா... இருங்க மாமி, இன்னொரு தடவ பாக்குறேன்" என்றாள்.

"வேணாம்மா. முதல்ல சொன்னதுதான் சரி."

நாற்பத்தாறு வருடத்தில் என் கை பொய் சொன்னது அந்த ஒரு முறைதான் அத்தான். உங்களுக்காகச் சொன்னது. அந்தப் பொய்யோடு அந்தப் பெண் கன்னத்தை ரைஃபிளில் வைத்திருப்பாள். அதனால்தான் மறுநாள் காலையில் எல்லாவற்றையும் அறுத்தேன். யாரும் மறுபடி எடுத்துச் சட்டையில் துடைக்க முடியாதபடி. சிவப்புப் புள்ளியைக் கடைசியில் அறுத்தேன். உள்ளே கோடு இருந்தது. நன்றாகவே இருந்தது.

பிறகு புதுப் பித்தளைக்கு எழுதிப் போட்டோம். மலிவாகக் கிடைக்கிறது என்று பல இடத்தில் பொறுக்கிய கலப்பு மூட்டை ஒன்றைக் கருணாகரன் காட்டினான், பளபளவென்றுதான் இருந்தது. அடியில் முத்திரை எழுத்து நான்கு தினுசு. திருப்பி அனுப்பச் சொன்னேன். ஒரே ஆலையில் ஒரே தொகுதியாக வந்த உறைகள்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்று வாங்கினேன். வந்ததும் கழுத்துப் பக்கம் நீலமும் பழுப்புமாக மங்கிய நிறம் இருக்கிறதா என்று பார்த்தேன். "என்ன மதினி, புதுசுலயே கறை?" என்றான். அது கறை இல்லை, கழுத்து வெடிக்காமல் இருக்க நெருப்பில் பதப்படுத்தியதன் அடையாளம்; அதைத் தேய்த்து எடுத்தால் உன்னைத் தேய்த்துவிடுவேன் என்றேன். ஒவ்வொன்றையும் கண்ணாடித் தகட்டில் உருட்டிக் கோணல் பார்த்து, நகைக்கடைத் தராசில் நிறுத்து, எடை விலகியதை ஒதுக்கினேன். இங்கே உப்புக்காற்று விடாது என்பதால், காற்றுப் புகாத டப்பாவில் போட்டு மூடினேன். புளிக்கு அந்தப் பட்டறையில் இனி இடமில்லை.

போட்டி தை பிறந்ததும் நடந்தது. வாலிநோக்கம் உப்பளப் பக்கமிருந்து காற்று குறுக்கே வீசியது. நசீமா இரண்டாவதாக வந்தாள். முதலிடம் போனது காற்றால் என்றாள், உன் மூச்சால் என்றேன். இன்னும் சண்டை ஓயவில்லை. கோப்பையை எடுத்துக் கொடுக்க யாரை அழைப்பது என்று மேடையில் குசுகுசுத்தார்கள். நான் காத்திருக்கவில்லை. ஏறிப்போய் எடுத்துக் கொடுத்தேன். உங்கள் பெயர் பொறித்த கோப்பையை வேறு யார் கொடுப்பது?

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். ஆஸ்பத்திரியில் அந்தச் சிவப்புப் புள்ளியைக் கையில் வைத்துக்கொண்டு, "இது தேறுமா ராஜி?" என்றீர்கள். நான் அன்றைக்கு ஊசியை எடுக்கவில்லை, தேறும் என்றேன். நீங்கள் சிரித்தீர்கள். அது நான் சொன்னதை நம்பிய சிரிப்பா? இல்லை, ஒருவழியாக நானும் பொய் சொல்லிவிட்டேன் என்று சிரித்த சிரிப்பா?

பாதியாக அறுத்த அந்த உறை உங்கள் படத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. வெளிப்பக்கம் சுவரைப் பார்க்க, உள்பக்கம் வீட்டுக்குள் வருகிறவர்களைப் பார்க்க வைத்திருக்கிறேன். கோடு எல்லோருக்கும் தெரியும். கருணாகரன் அதைத் திருப்பி வைத்தான். நான் மறுபடி திருப்பினேன்.

வாக்குக் கொடுக்கிறேன் அத்தான். ஊசி இன்னும் என் கொண்டையில்தான் இருக்கிறது. என் விரலில் உணர்ச்சி இருக்கும் வரை இருக்கும். ஆனால் எனக்குப் பிரியமானதை இனி நான் மட்டும் சோதிக்க மாட்டேன். அதை இன்னொரு கையில் கொடுத்துக் கண்ணை மூடச் சொல்வேன். தட்டுகிறது என்றால், அது உங்களுடையதாகவே இருந்தாலும், அறுப்பேன்.

உங்களோடு இன்னும் சண்டை முடியாத,
உங்கள் மாமன் மகள்
இராஜேஸ்வரி
இராமநாதபுரம்