நீச்சல் தெரியுமா என்ற கட்டம்

ஜூன் 9, திங்கள்
நல்ல வெயில். இத்தாலிக்கு வந்து சேர்ந்தாயிற்று. ரயிலை விட்டு இறங்கினால் ஒரே தெரு, அப்புறம் கடல். மஞ்சளும் ரோஸுமாக வீடுகள், மலைச்சரிவில் எலுமிச்சைத் தோட்டம். அழகுதான். தம்பி செத்த ஊர் இவ்வளவு அழகாக இருப்பது எரிச்சலாக இருக்கிறது.

வாங்க வேண்டியவை: கதிரின் சாம்பல், பெட்டி, பாஸ்போர்ட், போன்.

காலை 7க்கு அம்மா தென்காசியிலிருந்து கூப்பிட்டாள். "சாப்ட்டியாட்டி? குத்தாலத்துல சாரல் விழுது." குரலில் அழுகையே இல்லை. பயமாக இருந்தது.

ஜூன் 10, செவ்வாய்
படகுத்துறை. கதிர் வேலை பார்த்த ஓட்டலின் முதலாளியம்மா ரோசா கூட வந்தாள். அவள் பேசுவதை போன் தமிழில் சொன்னது. சமையலறையில் ஆறு மாதம் வேலை பார்த்தவனைப் படகுக்கு மாற்றினார்களாம். கயிறு கட்டும்போது வழுக்கியிருக்கிறான். கரை பத்தடிதான். "கையை ஆட்டினான். விளையாடுகிறான் என்று சிரித்தோம். தன் ஊர் அருவி ஊர் என்று சொல்லியிருந்தான்."

அருவியில் குளிக்க நீச்சல் எதற்கு? கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையைக் கொடுத்தால் போதும். ஐந்தருவியில் அரைநாள் நிற்பான். குளத்தில் இடுப்பளவுக்கு மேல் இறங்க மாட்டான், பயந்தாங்கொள்ளி.

சாப்பாடு: ரொட்டி, மீன். மீன் இறங்கவில்லை.

ஜூன் 11, புதன்
ரோசா ஒரு ஃபைலைக் கொண்டுவந்தாள். அவனுடைய வேலை விண்ணப்பம். என் பிரவுசிங் சென்டரில் நான் நிரப்பியது. நீச்சல் தெரியுமா? ஆம்.

அவனிடம் கேட்கவே இல்லை. டீ வாங்கப் போயிருந்தான். எல்லோருக்கும் அப்படித்தான் நிரப்புவேன். சமையல் ஆம், ஆங்கிலம் ஆம். 'இல்லை' போட்டால் வேலை வராது. குற்றாலத்துப் பக்கத்துக்காரனுக்கு இதைக் கேட்க வேறு வேண்டுமா என்று தட்டிவிட்டேன்.

ரோசா என் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டு அழுதாள். அழ விட்டேன். 'ஆம்' போட்டது நான் என்பதை மறைத்துவிட்டேன். என்ன ஜென்மம் நான்.

ஜூன் 15, ஞாயிறு
குற்றாலம். சாரல், சரியான கூட்டம். சித்தப்பா சாம்பலைக் கரைத்தார். அம்மா ஈரச்சேலையோடு படியில் உட்கார்ந்து ரோசாவைத் திட்டிக்கொண்டிருந்தாள். "நீந்தத் தெரியாதவன படகுல ஏத்துனாளே, வெளங்குவாளா அவ?"

தாங்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். நான்தான் 'ஆம்' போட்டேன் என்று.

அம்மா தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தெரியும்ட்டி. படகுக்கு மாத்துன அன்னைக்கே போன் போட்டான். 'அக்கா தெரியும்னு எழுதிட்டா, இப்ப இல்லேன்னா அவளுக்குல்லா அசிங்கம், என்ன செய்ய'ன்னு கேட்டான்."

"நீ என்ன சொன்ன?"

"'சமாளிச்சுக்கோலே'ன்னேன்."

திரும்பும் பஸ்ஸில் அம்மா என் தோளில் சாய்ந்திருந்தாள். ரோசாவை அதற்குப் பிறகு திட்டவில்லை.